பூட்டு எதற்கு?

ஒழுக்கத்தின் பெயரால் அறிவின் வாயிலை அடைப்பது புதிய வேலை அன்று, தோழனே! அன்று ஏடுகளைப் பூட்டி வைத்தனர். இன்று இணையத்தைப் பூட்டுகின்றனர்.

கேரளத்திலே, கோழிக்கோடு மாவட்டத்துச் சேளன்னூரில் ஒரு கல்லூரி. அதன் பெண்கள் விடுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை கைப்பேசி கூடாது என்றிருந்தது விதி. 2019 ஜூன் திங்களில் அதை மாற்றினர். தளர்த்தினரா? இல்லை! மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை கைப்பேசி கூடாது என்றனர். இளங்கலை மாணவியர்க்கு விடுதியில் மடிக்கணினியும் விலக்கு! பகலெல்லாம் வகுப்பு, மாலையெல்லாம் தடை. பாடத்திற்கு வேண்டியதை அந்தப் பெண் எப்போது தேடுவாள்?

ஆங்கில இலக்கியம் பயின்ற மாணவி ஒருவர் பணிய மறுத்தார், விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார். அழுது அடங்கினாரா? உயர்நீதிமன்றத்தின் படியேறினார்! 2019 செப்டம்பர் 19 அன்று நீதிபதி பி.வி. ஆஷா தீர்ப்பளித்தார்: இணையத்தைப் பயன்படுத்தும் உரிமை கல்வி உரிமையின் பகுதி, அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு காக்கும் அந்தரங்க உரிமையின் பகுதி. மாணவியை மீண்டும் விடுதியில் சேர்த்திட வேண்டும்!

"படிக்கும் வேளையில் கவனம் சிதறுமே!" என்பர். அந்தக் கவலை பொய்யன்று. பிறர்க்கு இடையூறு செய்யலாகாது என்று நீதிமன்றமும் எடுத்துரைத்தது. ஆனால் எப்போது, எவ்விதம் படிப்பது என்பதை வயது வந்த மாணவரே முடிவு செய்யட்டும். அறிவு பெறும் வழியை அடைத்து ஒழுக்கத்தை நாட்டலாகாது என்றும் அது கூறிற்று. 18 வயதில் நாட்டை ஆள்வோரைத் தேர்ந்தெடுக்கத் தகுதி உண்டாம். தன் மாலைப் பொழுதை ஆளத் தகுதி இல்லையாம்! இது என்ன நியாயம்?

விடுதிக் காப்பாளர் பூட்டினால் ஒரு கட்டடம் இருளும். அரசே பூட்டினால்? காஷ்மீரத்தைப் பார். 2019 ஆகஸ்டில் அங்கே இணையம் அறவே துண்டிக்கப்பட்டது. 4ஜி சேவை முழுமையாக மீண்டது 2021 பிப்ரவரியில்! இடையிலே பெருந்தொற்று வந்தது; வகுப்பறைகள் மூடின. நாட்டின் பிற பகுதிகளில் ஆசிரியர்கள் திரையில் தோன்றிப் பாடம் நடத்த, காஷ்மீரத்து ஆசிரியர்களோ நத்தை வேக 2ஜியோடு மல்லாடினர். மாணவர் கையை கட்டிய கயிறு ஆசிரியர் கையையும் சேர்த்தல்லவா கட்டியது!

எனவே தோழனே, உன் ஊர்க் கல்லூரியிலும் பல்கலைக் கழகத்திலும் கேள்: இணையத்திற்குத் தடை உண்டா? எழுத்தில் உள்ளதா? விதி வகுத்த அவையில் மாணவரும் ஆசிரியரும் இருந்தனரா? ஆண்கள் விடுதிக்கு ஒரு நீதி, பெண்கள் விடுதிக்கு வேறொரு நீதியா? விடை வரும்வரை கேள். சேளன்னூரில் ஒரு மாணவி தனியாக நின்றார், வென்றார். உன் ஊரில் கேட்பவர் தனியாக நிற்கலாகாது; பக்கத்தில் நீ நிற்க வேண்டும்!