காத்திருக்கும் பிள்ளைகளும் கணக்குப் பார்க்கும் அரசும்

ஒரு நாடு தன் பிள்ளைகளை எவ்வாறு பேணுகின்றது என்பதை அதன் வரவுசெலவுத் திட்டம் சொல்லிவிடும். கனடா இவ்விடயத்தில் பின்தங்கிய நாடன்று. 1945இல் எல்லாக் குடும்பங்களுக்கும் பிள்ளைக் கொடுப்பனவு வழங்கத் தொடங்கிய நாடு இது. 1993இல் அது வருமானத்தை அளவுகோலாகக் கொண்டதாயிற்று. 2016 யூலையில் இன்றைய வடிவத்தைப் பெற்றது. இங்குள்ளோர் 'பேபி போனஸ்' என வழங்கும் இக்கொடுப்பனவு, 2025 யூலையில் தொடங்கிய ஆண்டுக்கு, ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அதிகபட்சம் 7,997 டொலர். ஆறு முதல் பதினேழு வயதுவரை 6,748 டொலர்.

ஆயின் இக்கதவு எல்லோருக்கும் திறப்பதில்லை. ஒரே மாடிக் கட்டடத்தில் வாழும் நான்கு வயதுப் பிள்ளைகள் இருவரை எண்ணிப் பாருங்கள். ஒரு பிள்ளையின் பெற்றோர் அகதிகளாக ஏற்கப்பட்டவர். மாதம் 666 டொலர்வரை கிடைக்கலாம். மற்றைய பிள்ளையின் பெற்றோர் விசாரணைக்குக் காத்திருப்பவர். ஒரு சதமும் இல்லை. இருவருக்கும் பசி ஒன்றே; பாலின் விலையும் ஒன்றே.

பிள்ளைப் பராமரிப்பு நிலையங்களின் கதை சற்று ஆறுதலானது. 2021இல் மத்திய அரசு ஐந்தாண்டுகளுக்கு 30 பில்லியன் டொலர்வரை ஒதுக்க முன்வந்தது. ஒன்ராறியோ 2022 மார்ச்சில் கடைசி மாகாணமாக ஒப்பமிட்டது. திட்டத்திற் சேர்ந்த நிலையங்களில் நாட்கட்டணத்தை 2025 சனவரி முதல் 22 டொலருக்கு மேற்படாதவாறு வரையறுத்தது. கியூபெக்கோ 1997இலேயே ஐந்து டொலர்த் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. அதே கியூபெக் 2018இல் அகதிக் கோரிக்கையாளரின் பிள்ளைகளுக்கு அச்சலுகையை மறுத்தது. கொங்கோவிலிருந்து மூன்று பிள்ளைகளுடன் வந்த தாயொருவர் வழக்காடினார். பிள்ளையை விட்டுச்செல்ல இடமின்றி வேலையை இழப்பவர் பெரும்பாலும் தாயே. எனவே இது பெண்களுக்கு எதிரான பாகுபாடு என 2024 பெப்ரவரியில் அம்மாகாண மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு அதையும் எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றது.

வைத்தியச் செலவிலும் இதே இழுபறிதான். அகதிகளுக்கான இடைக்காலக் கூட்டாட்சிச் சுகாதாரத் திட்டம் 2012இல் வெட்டப்பட்டது. அது, சிறப்பாகப் பிள்ளைகள் விடயத்தில், கொடூரமான நடத்துகை என 2014 யூலையில் கூட்டாட்சி நீதிமன்றம் கண்டித்தது. 2016 ஏப்பிரலில் முழுமையாக மீண்டது. 2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டமோ மீண்டும் கை வைத்தது. 2026 மே 1 தொடக்கம் ஒவ்வொரு மருந்துச் சிட்டைக்கும் 4 டொலர், பல், கண், உளவளத்துணை முதலியவற்றின் செலவில் 30 சதவீதம் பயனாளியே செலுத்தவேண்டும் என அறிவிக்கப்பட்டது. மருத்துவரைப் பார்ப்பதும் மருத்துவமனைச் சிகிச்சையும் இதில் அடங்கா.

நான்கு டொலர் பெரிதா என்பார் உளர். மூன்று பிள்ளைகளுக்கும் ஒரே வாரத்தில் காய்ச்சல் கண்டால் அது பன்னிரண்டு டொலர். கண்ணாடியின் விலை இருநூறெனில் அறுபது டொலர். வேலை அனுமதிக்குக் காத்திருக்கும் தாய் அவ்வறுபதை எங்கே தேடுவாள்? கண்ணாடியின்றிக் கரும்பலகையைப் பார்க்கும் பிள்ளையை மந்தமான பிள்ளை என்றே வகுப்பறை எண்ணிவிடும். ஆசிரியத் தொழிலில் இருந்தோர் இதனை அறிவோம்.

நாம் செய்யக்கூடியன சில உள. வருமானம் இல்லாவிடினும் கணவனும் மனைவியும் ஆண்டுதோறும் வருமானவரிப் படிவத்தை நிரப்புதல் வேண்டும். தவறின் யூலையில் கொடுப்பனவு நின்றுவிடும். பல் வைத்தியத் திட்டத்திற்கும் அப்படிவமே திறவுகோல். அகதியாக ஏற்கப்பட்டோர், நிரந்தர வதிவிட அட்டை வரும்வரை இராது, ஏற்கப்பட்டவுடனேயே கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்கலாம். பலர் இதனை அறியார். அறிந்தோர் சொல்லிக் கொடுங்கள்.

இன்னும் காத்திருப்போருக்காக நாம் நமது பாராளுமன்ற உறுப்பினரின் அலுவலகக் கதவைத் தட்டவேண்டும். நாமும் ஒருகாலத்தில் அந்த வரிசையில் நின்றவர்களே. வழக்குக்குத் தவணை கொடுக்கலாம்; வளரும் பிள்ளைக்குத் தவணை கொடுக்கவியலாது.