எழுதக் கற்பதையும் கேட்டுப் பெறுவோம்

மேல்நிலைப் படிப்பு முடியும் தறுவாயில், எந்தக் கல்லூரி, எந்தப் பாடம், எவ்வளவு கட்டணம் என்பதே நம் இல்லங்களில் பேச்சாக இருக்கிறது. அங்கே சென்று எப்படி எழுதப் போகிறோம் என்று எவரும் கேட்பதில்லை. ஆனால் கல்லூரியில் நம்மில் பலரைத் திணற வைப்பது அதுவே.

பள்ளியில் நாம் எழுதுவது விடை. வினா தாளில் இருக்கிறது. விடை புத்தகத்தில் இருக்கிறது. நினைவாற்றல் இருந்தால் போதும். பல்கலைக்கழகத்தில் எழுத வேண்டியதோ கட்டுரை. அங்கே வினாவையும் நாமே தேட வேண்டும். நான்கு நூல்களைப் படித்து, அவை எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே மாறுபடுகின்றன என்று கண்டு, நம் முடிவைச் சான்றுடன் சொல்ல வேண்டும். எக்கருத்தை யாரிடமிருந்து பெற்றோம் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

இப்பயிற்சி இல்லாதவர்கள் பிறர் எழுதியதை அப்படியே எடுத்து எழுதிவிடுகிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆய்வேட்டில் இத்தகைய ஒப்புமை 10 விழுக்காட்டைத் தாண்டினால் திருத்தி எழுத வேண்டும்; 60 விழுக்காட்டைத் தாண்டினால் பதிவே ரத்தாகும். தண்டனை ஒருபுறம் இருக்கட்டும். பிறர் உழைப்பைத் தமதென்பது களவு அன்றோ? ஏழாம் கட்டளை எழுத்துக்கும் பொருந்தும்.

இக்கலைக்கென எல்லாக் கல்லூரிகளிலும் தனிப் பாடம் இல்லை. இல்லாத இடத்தில் நாமே கேட்டுப் பெறலாம் என்பதே எம் கருத்து. தன்னாட்சிக் கல்லூரிகள் சிலவற்றில் சுயகற்றல் தாள் உண்டு. பருவம் தொடங்குமுன் விருப்பமுள்ள பேராசிரியர் ஒருவரை அணுக வேண்டும். வெறுங்கையோடு செல்லாமல், எவற்றைப் படிப்போம், எத்தனை கட்டுரைகள் எழுதுவோம், எந்த நாளில் கொடுப்போம் என்பதை ஒரே பக்கத்தில் எழுதி எடுத்துச் செல்வது நன்று. முதலில் ஒரு கட்டுரையின் சுருக்கம். அடுத்து இரு கருத்துகளின் ஒப்பீடு. இறுதியில் சான்றுகளுடன் ஒரு நீண்ட கட்டுரை. பேராசிரியர் இசைந்தால் துறைத் தலைவரின் அனுமதி பெறலாம்.

மத்திய அரசு 2017-இல் தொடங்கிய ‘ஸ்வயம்’ இணையதளத்திலும் கல்விசார் எழுத்து பற்றிய பாடம் வழங்கப்பட்டிருக்கிறது. சேரக் கட்டணமில்லை, தேர்வுக்கு மட்டுமே கட்டணம். ஆயினும் விரிவுரை கேட்பதால் மட்டும் எழுத்து வந்துவிடாது. எழுதியதை ஒருவர் படித்து, சிவப்பு மையால் திருத்தித் தர, நாம் மீண்டும் எழுத வேண்டும். இப்பயிற்சியின் உயிர் அதில்தான் இருக்கிறது.

தனிநாயகம் அடிகளார் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. குருவான பின்னரே, வடக்கன்குளத்தில் பள்ளிப் பணி ஆற்றிய காலத்தில், அவர் பண்டிதர் ஒருவரிடம் தமிழ் இலக்கியம் பயின்றார். பின்பு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து ஆய்வு செய்தார். 1952-இல் ‘தமிழ்க் கல்ச்சர்’ என்ற ஆங்கில இதழைத் தொடங்கினார். முதல் உலகத் தமிழ் மாநாடு 1966-இல் கோலாலம்பூரில் கூடியதற்கும் அவரே முதற்காரணர். தமிழின் பெருமையை அவர் மேடையில் முழங்கியதோடு நிற்கவில்லை. அறிஞர் ஏற்கும் முறையில் எழுதினார். ஆகவே உலகம் செவிசாய்த்தது.

கணினியே எழுதித் தரும் காலத்தில் இப்பாடு எதற்கு என்பாரும் உண்டு. சமையலுக்கு ஆள் வைக்கலாம். நமக்காகச் சாப்பிட ஆள் வைக்க முடியுமா? எழுதும்போதுதான் நம் எண்ணம் தெளிகிறது. அதைப் பிறரிடம் விட்டால் சிந்திப்பதையே விட்டவர்களாவோம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வகுப்பு முடிந்து நூலகத்தில் ஒரு மணி நேரம் தங்க உங்கள் மகளுக்கு அனுமதி தாருங்கள். எம் அன்புச் சகோதரிகளுக்கும் ஒரு விண்ணப்பம். பதினோராம் வகுப்பிலேயே, மதிப்பெண் இல்லாத ஒரு கட்டுரையை மாதந்தோறும் எங்களிடம் கேளுங்கள்; திருத்தித் தாருங்கள். தோழியரே, கல்லூரியில் கால் வைத்ததும் தயங்காமல் ஓர் ஆசிரியரின் கதவைத் தட்டுங்கள். கேட்டால்தான் கிடைக்கும்.