வெளிநாட்டுல கார்டு தேய்க்கும்போது அந்த ரூபாய் பட்டனைத் தொடாதீங்க

ஸ்கூல் லீவு நெருங்கினா மயிலாப்பூர்ல என் ஆபீஸுக்கு வர்ற கேள்விகளோட முகமே மாறிடும். ரிட்டர்ன் பத்திக் கேட்கறவங்க குறைஞ்சு, "சிங்கப்பூர் போறோம் சார், கிரெடிட் கார்டு தேய்ச்சா 20 சதவீதம் வரி பிடிப்பாங்களாமே, நிஜமா?"ன்னு கேட்கறவங்க அதிகமாயிடுவாங்க.

நிஜமில்லை. ஆனா இந்த பயம் எங்கிருந்து வந்ததுன்னு தெரிஞ்சுக்கணும். ஏன்னா அந்த பயத்துல நம்ம மக்கள் பண்ற சில வேலைகள்தான் உண்மையிலேயே காசைக் கரைக்குது.

2023 மே 16-ம் தேதி மத்திய நிதி அமைச்சகம் ஒரு அறிவிக்கை வெளியிட்டது. இந்தியாவுல இருக்கறவங்க வெளிநாட்டுக்கு அனுப்பற, அங்கே செலவு பண்ற பணத்துக்கு எல்ஆர்எஸ்னு ஒரு திட்டம் இருக்கு. ஒரு நிதியாண்டுல ஒருத்தருக்கு 2,50,000 டாலர் வரை. வெளிநாட்டுப் பயணத்துல கிரெடிட் கார்டுல பண்ற செலவு மட்டும் அதுவரைக்கும் இந்தக் கணக்குக்குள்ள வராது. அந்த விலக்கு கொடுத்த விதி 7-ஐத்தான் அன்னிக்கு நீக்கினாங்க. அந்த வருஷ பட்ஜெட்லதான் எல்ஆர்எஸ் மேல டிசிஎஸ் 20 சதவீதம்னு அறிவிச்சிருந்தாங்க. ரெண்டையும் சேர்த்துப் பார்த்ததும் ஊரே அலறிச்சு. மூணே நாள்ல, மே 19 அன்னிக்கு, "7 லட்சம் வரைக்கும் கார்டு செலவுக்கு இல்லை"ன்னு விளக்கம் வந்தது. ஜூன் 28 அன்னிக்கு, வெளிநாட்டுல இருக்கும்போது கிரெடிட் கார்டுல பண்ற செலவு எல்ஆர்எஸ்ல சேராது, டிசிஎஸ்ஸும் கிடையாதுன்னு சொல்லிட்டாங்க. அந்த நிலைமைதான் இன்னிக்கும் தொடருது.

இங்கே ஒரு விஷயம். அன்னிக்கு அரசு சொன்னது "தள்ளிவைக்கிறோம்"ங்கறதுதான், "ரத்து பண்றோம்"னு இல்லை. வங்கிகளும் கார்டு நிறுவனங்களும் தங்களோட சிஸ்டத்தைத் தயார் பண்ண நேரம் வேணும்னுதான் காரணம் சொன்னாங்க. அதனால "கிரெடிட் கார்டுல டிசிஎஸ் கிடையாது, அதுதான் மாஸ்டர் பிளான்"னு அதை நம்பி பெரிய பெரிய திட்டம் போடறது எனக்குப் பிடிக்காது. அதே மாதிரி, அந்த விலக்கு நீங்க வெளிநாட்டுல *இருக்கும்போது* பண்ற செலவுக்குத்தான். அடையாறு வீட்டு சோபாவுல உட்கார்ந்துக்கிட்டு வெளிநாட்டு சைட்ல வாங்கறதுக்கு அதே வார்த்தைகளை நீட்டிப் படிக்காதீங்க.

சரி, டிசிஎஸ் வந்தாலும் என்ன ஆகும்? 2025 ஏப்ரல் 1-லிருந்து வரம்பு 10 லட்சம். அதாவது ஃபாரெக்ஸ் கார்டு, டெபிட் கார்டுன்னு எல்ஆர்எஸ் கணக்குல வர்ற வழியில போனாலும், ஒருத்தரோட பான் நம்பர்ல வருஷத்துக்கு 10 லட்சம் தாண்டினாதான் பயணச் செலவுக்கு 20 சதவீதம் பிடிப்பாங்க. பிடிச்சதும் போன காசு இல்லை. ரிட்டர்ன்ல அட்வான்ஸ் வரி மாதிரி கழிச்சுக்கலாம், மிச்சம் இருந்தா ரீஃபண்ட் வரும். சம்பளக்காரங்க ஆபீஸ்ல சொல்லி டிடிஎஸ்ஸையே குறைச்சுக்கலாம். ஒரு குடும்பம் அஞ்சு நாள் சிங்கப்பூர் போய் மூணு லட்சம் செலவு பண்றதுக்கு இந்த 20 சதவீதத்தை நினைச்சுத் தூக்கம் கெடுத்துக்கவே வேண்டாம்.

ஆனா அந்த மூணு லட்சத்துல வேற ஒரு கசிவு இருக்கு, அதைப் பத்தி யாரும் அலற மாட்டேங்கறாங்க. நம்ம கார்டுகள்ல பெரும்பாலானதுக்கு ஃபாரின் கரன்சி மார்க்கப் 3.5 சதவீதம். அது மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆக 4.13 சதவீதம். மூணு லட்சத்துக்கு 12,390 ரூபாய். கொஞ்சம் பிரீமியம் கார்டுன்னா மார்க்கப் 2 சதவீதம், ஜிஎஸ்டியோட 2.36, அதாவது 7,080 ரூபாய். மார்க்கப்பே இல்லாத கார்டுகளும் வந்தாச்சு. ஃபெடரல் வங்கியோட ஸ்கேபியா ஒரு உதாரணம். டிசிஎஸ் மாதிரி இது திரும்பி வராது. போனது போனதுதான்.

இதைவிட என்னைக் கடுப்பேத்தறது இன்னொண்ணு. செராங்கூன் ரோட்ல ஒரு கடையில 200 சிங்கப்பூர் டாலருக்கு சென்ட் வாங்கறீங்க. மெஷின்ல கார்டை வெச்சதும் ஸ்கிரீன்ல ரெண்டு பட்டன் வரும். ஒண்ணு சிங்கப்பூர் டாலர். இன்னொண்ணு இந்திய ரூபாய். நம்ம ஊர் அப்பா அம்மா எதைத் தொடுவாங்க? ரூபாயைத்தான். தெரிஞ்ச கரன்சி, எவ்வளவு போகுதுன்னு கண்ணுக்குத் தெரியுது, மனசுக்கு நிம்மதி. அந்த நிம்மதிக்குத்தான் காசு வாங்கறாங்க.

இதுக்குப் பேர் டிசிசி, டைனமிக் கரன்சி கன்வெர்ஷன். நீங்க ரூபாயைத் தொட்டா, விசா, மாஸ்டர்கார்டு போடற ரேட்டுக்கு பதிலா அந்தக் கடையோட மெஷினை நடத்தற கம்பெனி தன்னோட ரேட்டைப் போடும், லாபத்தையும் சேர்த்து. கணக்குக்கு ஒரு டாலர் 65 ரூபாய், டிசிசி லாபம் 5 சதவீதம்னு வெச்சுக்குவோம். 13,000 ரூபாய் பொருள் 13,650 ஆயிடும். இது முடிஞ்சதும் நம்ம வங்கி சும்மா இருக்குமா? ரூபாய்லதான் வந்தது, ஆனா கடை வெளிநாட்டுல இருக்கேன்னு பல வங்கிகள் 1 சதவீதமோ அதுக்கு மேலயோ தனி ஃபீஸ் போடும், அதுக்கும் ஜிஎஸ்டி. 1 சதவீதம்னே எடுத்துக்கிட்டாலும் இன்னொரு 161 ரூபாய். மொத்தம் 13,811. அதே பொருளை டாலர்ல தேய்ச்சிருந்தா சாதாரண 3.5 சதவீத கார்டுல 13,537. மார்க்கப் இல்லாத கார்டுல 13,000.

"அப்போ என் பழைய கார்டுக்கு 274 ரூபாய்தானே வித்தியாசம்"னு கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனா அந்த 5 சதவீதம் நான் கணக்குக்கு எடுத்தது. அதுக்கு மேலயும் போடறாங்க, கடைக்குக் கடை மாறும். மார்க்கப் இல்லாத கார்டை மெனக்கெட்டு வாங்கிட்டுப் போய் ரூபாய் பட்டனைத் தொட்டா, அந்த கார்டு வாங்கினதுக்கே அர்த்தம் இல்லை.

எந்த கரன்சின்னு வாடிக்கையாளர்கிட்ட கேட்டே ஆகணும்ங்கறது விசா, மாஸ்டர்கார்டு விதி. நடைமுறையில கவுண்டர்ல இருக்கறவரே ரூபாயை அமுக்கிட்டு கார்டை நீட்டறதும் உண்டு. ஸ்லிப்பைப் பாருங்க. ரூபாய் தொகையும் ஒரு ரேட்டும் அடிச்சிருந்தா, அங்கேயே நின்னு கேன்சல் பண்ணி டாலர்ல திரும்பப் போடச் சொல்லுங்க. கூச்சப்படாதீங்க. ஏடிஎம்ல இது வேற வேஷத்துல வரும். "கன்வெர்ஷனை ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா"ன்னு கேட்கும். மறுத்தா பணமே வராதோன்னு பயந்து ஏத்துக்கறாங்க. மறுத்தாலும் பணம் வரும், நம்ம வங்கி ரேட்டுல வரும்.

ஏடிஎம்னு சொன்னதும் ஒண்ணு. கிரெடிட் கார்டுல கேஷ் எடுக்கவே எடுக்காதீங்க. 45 நாள், 50 நாள் வட்டியில்லாத சலுகை அதுக்குக் கிடையாது; எடுத்த நாள்லேருந்து வட்டி ஓடும், தனி ஃபீஸ், மார்க்கப் எல்லாம் அதுக்கு மேல. கைச்செலவுக்குக் கொஞ்சம் நோட்டு இங்கேயே மாத்திக்குங்க. தி.நகர்ல மணி சேஞ்சர்களுக்குப் பஞ்சமா? ரெண்டு மூணு பேருக்கு போன் போட்டு ரேட் கேளுங்க, விமான நிலையத்துக் கவுண்டருக்குன்னு கடைசி நேரத்துல விட்டுடாதீங்க. நோட்டு மாத்தறதுக்கும் ஃபாரெக்ஸ் கார்டு லோடு பண்றதுக்கும் ஜிஎஸ்டி உண்டு, ஒரு லட்சத்துக்கு 180 ரூபாய். அது சின்ன விஷயம். ஃபாரெக்ஸ் கார்டுல பெரிய விஷயம், டாலர் லோடு பண்ணிட்டு யூரோல செலவு பண்ணா கிராஸ் கரன்சி சார்ஜ் விழும்ங்கறது. மிச்சத்தைத் திருப்பி மாத்தும்போது ரேட் வேற அடி வாங்கும். ஒரே நாட்டுக்கு, தெரிஞ்ச பட்ஜெட்டோட படிக்கப் போற பசங்களுக்கு அது நல்லது. சுத்திப் பார்க்கப் போற குடும்பத்துக்கு மார்க்கப் குறைஞ்ச கிரெடிட் கார்டுதான் என் சாய்ஸ். ஹோட்டல்ல டெபாசிட்டுக்குத் தொகையைப் பிடிச்சு வெச்சாலும் கிரெடிட் கார்டுல லிமிட்தான் அடைபடும். ஃபாரெக்ஸ் கார்டுல உங்க காசே மாட்டிக்கும்.

சிங்கப்பூர் எம்ஆர்டியில கார்டையே தட்டிட்டுப் போகலாம், வசதிதான். வெளிநாட்டு கார்டுன்னா பயன்படுத்தற ஒவ்வொரு நாளுக்கும் 60 சென்ட் கட்டணம் உண்டு, நாலு பேர் நாலு கார்டு தட்டினா நாலு மடங்கு. இலங்கைக்குப் போறவங்களுக்கு 2024 பிப்ரவரிலேருந்து யுபிஐயும் இருக்கு. அங்கேயும் மாத்தற ரேட்டைப் பார்த்துட்டு பின் நம்பர் போடுங்க.

இப்போ அமெரிக்கா, ஆஸ்திரேலியான்னு பிள்ளைகளைப் பார்க்கப் போற பெரியவங்க. பையன் ஒரு ஆட்-ஆன் கார்டை நீட்டி "இதை யூஸ் பண்ணுப்பா"ன்னு சொல்றதோட சரி. அந்த கார்டுல இன்டர்நேஷனல் ஆன் ஆகியிருக்கான்னு யாரும் பார்க்கறதில்லை. 2020 அக்டோபர்லேருந்து புது கார்டு எல்லாம் இந்தியாவுக்குள்ள மட்டும் வேலை செய்யற மாதிரிதான் வரும். ஆப்ல போய் நாமதான் திறந்துவிடணும், லிமிட்டும் வைக்கணும். வெளிநாட்டுக் கடைகள்ல ஓடிபி இல்லாமயே கார்டு ஓடும். அதனால தெரியாத எஸ்எம்எஸ் வந்தா உடனே சொல்லணும்னு அவங்களுக்குச் சொல்லிக் குடுங்க. ரிசர்வ் வங்கியோட 2017 விதிப்படி, வங்கி தப்போ உங்க தப்போ இல்லாத மோசடியை மூணு வேலை நாளுக்குள்ள சொன்னா உங்க பொறுப்பு பூஜ்யம். அதுக்கப்புறம் சொன்னா ஒரு பங்கு உங்க தலையில.

என்னைக் கேட்டா, ரிசர்வ் வங்கி ஒரு சின்ன காரியம் பண்ணலாம். வெளிநாட்டுல கார்டு தேய்ச்ச அந்த நிமிஷமே வர்ற எஸ்எம்எஸ்ல, மார்க்கப் எவ்வளவு ரூபாய், ஜிஎஸ்டி எவ்வளவு ரூபாய்னு தனித்தனியா போடச் சொல்லலாம். ஸ்டேட்மென்ட்ல ரெண்டு வாரம் கழிச்சு வர்ற வரியை எத்தனை பேர் படிக்கறாங்க? 20 சதவீதம்னதும் 43 நாள்ல அரசையே பின்வாங்க வெச்ச நாமதான், 4.13 சதவீதத்தை வருஷக்கணக்கா சத்தமில்லாம கட்டிக்கிட்டிருக்கோம்.

கடைசியா ஒரு சிஏ-வா சொல்ல வேண்டியது. வெளிநாட்டுப் பயணத்துக்கு வருஷத்துல 2 லட்சத்துக்கு மேல ஒருத்தர் செலவு பண்ணா, தனக்காகவோ வேற யாருக்காகவோ, வருமானம் வரி வரம்புக்குக் கீழ இருந்தாலும் அவர் ரிட்டர்ன் போட்டே ஆகணும். பென்ஷன் கம்மிதான்னு ரிட்டர்ன் போடறதை நிறுத்தின எத்தனையோ பெரியவங்க, சேமிப்புலேருந்து தாங்களே டிக்கெட் எடுத்துப் போயிட்டு வர்றாங்க. உங்க வீட்ல அப்படி யாராவது இருந்தா, அந்த வருஷத்து டிக்கெட், கார்டு ஸ்டேட்மென்ட் ரெண்டையும் எடுத்துட்டு ஜூலைக்குள்ள உங்க ஆடிட்டரைப் போய்ப் பாருங்க.