ஓடு ஒழுகினா கூரையையே பிரிக்கணுமா?

போன வாரம் பக்கத்துத் தெருவில் ஒரு பழைய ஓட்டு வீட்டைப் பிரிச்சாங்க. இறக்கின ஓட்டை எல்லாம் டிராக்டரில் அள்ளி, வாய்க்கால் பக்கத்துப் பள்ளத்தில் கொட்டிட்டாங்க. நான் நாலஞ்சு ஓட்டை எடுத்து விரலால் தட்டிப் பார்த்தேன். கணீர்னு சத்தம். விரிசல் விட்ட ஓடு இப்படிக் கேக்காது, செத்த சத்தம்தான் வரும். நல்ல ஓட்டைத்தான் கொட்டியிருக்காங்க.

"ஏன் அண்ணாச்சி பிரிச்சிட்டிய?"ன்னு கேட்டேன். "ஒழுகுதுல்லா, பொறவு என்ன செய்யச் சொல்லுத?"ன்னார்.

ஒழுகுனது நிஜம். ஆனா அதுக்கு ஓடு காரணமில்லைங்கிறதுதான் என் கருத்து. எனக்கும் இது பட்டபிறகுதான் தெரிஞ்சுது.

2023 டிசம்பர் 17, 18 மழையை நம்ம பக்கத்துல யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சு. தாமிரபரணி ரெண்டு கரையும் தாண்டிப் போனா. எங்க வீட்டுக்குள்ள மூணு இடத்தில் ஒழுக்கு. விடிய விடிய அண்டா, குத்துப்போணி எல்லாத்தையும் வச்சுப் பிடிச்சோம். "போதும்ப்பா, பிரிச்சிட்டு காங்கிரீட் போட்டிருவோம்"னான் என் மகன். நானும் பாதி மனசா சரின்னுட்டேன். கேட்டுப் பார்த்ததில் ஏழு லட்சம் ஆகும்னாங்க.

அதுக்கு முன்னால தெரிஞ்ச ஆசாரி ஒருத்தரை மேல ஏத்திப் பார்க்கச் சொன்னேன். சீமை ஓட்டுக்கு அடியில் மூக்கு மாதிரி ஒண்ணு இருக்கும். அதுதான் ரீப்பரைப் பிடிச்சு நிக்கும். ரீப்பரைக் கரையான் அரிச்சுத் தொய்ஞ்சா, ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவில் வாய் திறந்துரும். அதுல வேப்பஞ்சருகு போய் அடைச்சா தண்ணி தேங்கி உள்ள இறங்கும். எங்க வீட்டில் நடந்தது அதேதான். போதாததுக்கு மலையில இருந்து இறங்குற குரங்குக் கூட்டம் குதிச்சு உடைச்சது வேற. 1,800 ஓட்டில் மாத்த வேண்டியது இருநூறுகூட இல்லை. ரீப்பர் பூரா புதுசு, கைமரம் நாலு, கூலி எல்லாம் சேர்த்து எண்பதாயிரத்தில் முடிஞ்சுது. அதுக்குப் பிறகு ரெண்டு ஐப்பசி கடந்தாச்சு, ஒரு சொட்டு இல்லை.

மங்களூரில் பாசல் மிஷன்காரங்க ஓட்டு ஆலை ஆரம்பிச்சது 1865-ல். அந்த மாதிரி ஓடுதான் நம்ம ஊர் வரைக்கும் பரவுச்சு. இங்கிலாந்துப் பக்கம் வீட்டுக்கு சிலேட்டுக் கல்லை மேய்வாங்களாம். அங்கேயும் கல்லு நூறு வருசம் தாண்டி நிக்கும், அதை அடிச்ச ஆணிதான் துருப்பிடிச்சு விட்டுரும். அவங்க நல்ல கல்லை இறக்கி வச்சு, ஆணியை மாத்தித் திரும்ப மேய்வாங்க. நாம ஓட்டைப் பள்ளத்தில் கொட்டுதோம்.

இன்னொண்ணு, பாரம். நூறு சதுர அடிக்கு ஓடு சுமார் 150. நனையாத ஓடு எடை நானூறு கிலோவுக்குள்ள. அதே நூறு சதுர அடிக்கு நாலரை அங்குல காங்கிரீட் ரெண்டரை டன்னுக்கு மேல. மண் சாந்து வச்சுக் கட்டின பழைய சுவர் அதைத் தாங்குமா? தூண் எழுப்பணும், அஸ்திவாரம் தோண்டணும். அதாவது கூரையை மாத்தலை, புது வீடே கட்டுதோம். பிரிக்கிற வீட்டுப் பனங்கையை விறகு விலைக்குக் கொடுக்காங்க. வைரம் பாய்ஞ்ச பனை இனிமே எங்க கிடைக்கும்? பனையை வெட்ட கலெக்டர் அனுமதி வேணும்னு 2021-லேயே அரசு சொல்லியாச்சு.

குடிசையில இருக்கிறவங்க கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் மூன்றரை லட்சம் வாங்கி காங்கிரீட் வீடு கட்டுறதை நான் குறை சொல்லலை. அவங்களுக்கு அது வேணும். தனியா இருக்கிற ஆச்சிமாரு வருசா வருசம் ஓடு மாத்த ஆளுக்கு எங்க போவாங்க? அதுவும் நியாயம்தான். ஓட்டு வேலை தெரிஞ்ச ஆளே குறைஞ்சுபோச்சு. நாம கூப்பிடலை, அவங்க பிள்ளைங்க சென்ட்ரிங் வேலைக்குப் போயிட்டாங்க.

கௌரவப் பிரச்சினையும் இருக்கு. பெண் வீட்டுக்காரங்க வந்தா முதல்ல அண்ணாந்து கூரையைத்தான் பார்க்காங்க. "ஓட்டு வீடா?"ன்னு கேட்டுட்டுப் போன ஒரு வரன் திரும்ப வரலை. வீட்டுக்காரி இன்னும் அதைச் சொல்லிக் காட்டுதா. அதுக்கு மட்டும் என்கிட்ட பதில் இல்லை. ஆனா சித்திரை வெயிலில் மத்தியானம் சாப்பிட்டுட்டு, காங்கிரீட் வீட்டு ஆட்கள் எங்க திண்ணைக்குத்தான் படுக்க வாறாங்க.

அதனால ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிடுதேன். கார் அறுப்பு முடிஞ்சு பிசான நடவு தொடங்குறதுக்கு முன்னால கொஞ்சம் கை ஓயும்ல, அப்போ ஒரு ஆளை மேல ஏத்துங்க. சருகைத் தள்ளுங்க, ரீப்பரைப் பாருங்க, ஓட்டைத் தட்டிப் பாருங்க. அப்புறமும் பிரிக்கணும்னா பிரிங்க. ஓட்டை மட்டும் பள்ளத்தில் கொட்டாம மாட்டுத் தொழுவத்துக்காவது போடுங்க. அதுவும் வேண்டாம்னா எனக்குச் சொல்லி விடுங்க, நானே வந்து எடுத்துக்கிடுதேன். குரங்கு இன்னும் வந்துக்கிட்டுத்தான் இருக்கு.