அத்திப்பழ அடை

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சுவரில் மறுபடியும் ஒரு சுவரொட்டி ஒட்டியிருக்கிறார்கள். கோட்டு போட்ட ஒருவர் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, புற்றுநோய், பில்லிசூனியம், கடன் தொல்லை எல்லாம் மூன்றே இரவில் தீருமாம். காணிக்கையைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. அதை மேடையில் சொல்லிக்கொள்வார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. இதைப் படித்தால் எங்கள் சபையில் சிலருக்கு வருத்தம் வரும். வரட்டும், எத்தனை நாளைக்கு மனதில் வைத்துக்கொண்டிருப்பது?

நான் எந்தப் பக்கத்து ஆள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருக்கோவிலூர் டேனிஷ் மிஷன் ஆஸ்பத்திரியில் பிறந்தவன். ஆற்காடு லுத்தரன் திருச்சபையில் ஞானஸ்நானம், திடப்படுத்தல், கலியாணம் எல்லாம். தபால் இலாகாவில் முப்பத்தேழு வருஷம் வேலை பார்த்தபோதும் சரி, ஓய்வு பெற்ற பிறகும் சரி, விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து ஜெபிப்பதை விட்டதில்லை. ஆகவே 'இவருக்கு விசுவாசம் இல்லை, அதனால் பேசுகிறார்' என்று யாரும் சுலபமாகத் தள்ளிவிட முடியாது.

என் மைத்துனர் கதையைச் சொல்கிறேன். என் மனைவிக்கு நேர் இளையவர். சின்னசேலம் பக்கம் மூன்று ஏக்கர் நிலம், மரவள்ளியும் மக்காச்சோளமும். நாற்பத்தைந்து வயதில் சர்க்கரை வந்தது. மாத்திரையில் ஆரம்பித்து இன்சுலினுக்குப் போனார். காலையும் மாலையும் தானே வயிற்றில் ஊசி போட்டுக்கொள்வார், சிரித்துக்கொண்டே. ஒரு சுகமளிக்கும் கூட்டத்துக்கு யாரோ அழைத்துப் போனார்கள். மேடையிலிருந்தவர் இவருடைய தலையில் கை வைத்து, 'இன்றோடு உனக்கு விடுதலை, இனி அந்த ஊசியைத் தொட்டால் நீ ஆண்டவரை நம்பவில்லை என்று அர்த்தம்' என்றார். என் மைத்துனர் மைக்கைப் பிடித்துச் சாட்சி சொன்னார். ஜனங்கள் கை தட்டினார்கள். வீட்டுக்கு வந்து இன்சுலின் குப்பியைக் குப்பையில் போட்டார்.

முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. அதுதான் இந்த நோயின் துரோகம். இரண்டாவது வாரம் தாகம், அசதி. மூன்றாவது வாரம் வயலில் மரவள்ளிக் குச்சி காலில் குத்தியது. அவருக்கு அது உறைக்கவே இல்லை, பாதத்தில் உணர்ச்சி குறைந்து போயிருந்தது. எங்களுக்குத் தகவல் வந்தபோது விரல்கள் கறுத்துவிட்டன. முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். ஒன்றரை வருஷம் இருந்தார். பிறகு சிறுநீரகம் போய் இறந்துபோனார்.

கால் எடுத்த பிறகு அந்த ஊழியரைத் தேடி என் மைத்துனரின் மனைவி போனாள். அவர் என்ன சொன்னார் தெரியுமா? 'ஆண்டவர் சுகம் கொடுத்தார், இவர்தான் அதைக் காத்துக்கொள்ளவில்லை, விசுவாசத்தில் குறைவு இருந்திருக்கிறது.' அவள் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். திண்ணையில் உட்கார்ந்து, 'அண்ணா, அவரு எந்த இடத்துல கொறஞ்சாரு? எனக்கு அத மட்டும் சொல்லுங்க' என்றாள். என் மனைவி அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள். எனக்கு வாய் வரவில்லை.

இப்போது பதில் சொல்கிறேன், அம்மா. அவர் எந்த இடத்திலும் குறையவில்லை. குறை சொன்னவருக்குத்தான் வேதம் தெரியவில்லை.

எசேக்கியா ராஜா சாகக் கிடந்தார், சுவர்ப்புறமாகத் திரும்பிக்கொண்டு அழுது ஜெபித்தார். ஜெபம் கேட்கப்பட்டது, பதினைந்து வருஷம் ஆயுள் கூட்டிக் கொடுக்கப்பட்டது. அதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனாலும் ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து கட்டியின் மேல் வைத்துக் கட்டச் சொன்னார். ஜெபம் கேட்கப்பட்டு முடிந்த பிறகும் பற்று! மருந்து போட்டதால் விசுவாசம் குறைந்தது என்று தீர்க்கதரிசியிடம் யாரும் சண்டைக்குப் போகவில்லை. பவுல் தன் உடம்பிலிருந்த முள்ளை எடுக்கச் சொல்லி மூன்று தரம் வேண்டிக்கொண்டார், எடுக்கப்படவில்லை. தீமோத்தேயுவுக்கு வயிற்றுக் கோளாறு, அவர் மேல் கை வைத்துச் சுகமாக்காமல் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்று கடிதம் எழுதினார். (எங்கள் மாவட்டத்தில் இந்த வசனத்தைக் கொஞ்சம் பயத்தோடுதான் வாசிக்க வேண்டியிருக்கிறது.) துரோப்பீமுவை நோயாளியாகவே மிலேத்துவில் விட்டுவிட்டுப் போனார். பவுலுக்கு விசுவாசக் குறைவு என்று சொல்ல அந்தக் கோட்டுக்காரருக்குத் தைரியம் உண்டா? லூக்கா சுவிசேஷத்தை எழுதியவரே வைத்தியர்.

மருந்தை எறிந்து விசுவாசத்தை நிரூபி என்கிறவர்களுக்கு இன்னொன்று. தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்தி, 'குதித்துக் காட்டு, தூதர்கள் தாங்குவார்கள்' என்ற பேச்சு யார் வாயிலிருந்து வந்தது என்று ஞாயிறு பள்ளிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அதற்கு இயேசு குதிக்கவில்லை.

2024 ஜூன் மாதத்தை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். ஜூன் 18 அன்று கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்தவர்கள் மறுநாள் முதல் ஒவ்வொருவராக விழுந்தார்கள். 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சாராயத்தில் கலந்திருந்தது மெத்தனால். அது உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறுகிறது, பார்வை நரம்பைத் தாக்குகிறது. குடித்த உடனே தெரியாது, பல மணி நேரம் கழித்துத்தான் வயிற்று வலி, வாந்தி, கண் மங்கல். அந்த மணி நேரங்களுக்குள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தவருக்கு ஃபோமெபிசோல் உண்டு, இரத்தச் சுத்திகரிப்பு உண்டு. கள்ளக்குறிச்சி, சேலம், முண்டியம்பாக்கம், புதுச்சேரி ஜிப்மர் என்று ஆம்புலன்ஸ்கள் ஓடிக்கொண்டே இருந்தன. கோமுகி ஆற்றங்கரையில் மழையோடு வரிசையாகச் சிதைகள் எரிந்தன. அந்த நேரத்தில் ஒருவர் 'வயிற்று வலிதானே, ஜெபித்துவிட்டுப் படு' என்று ஆறு மணி நேரம் தாமதப்படுத்தியிருந்தால் அந்த ஆறு மணி நேரத்தில் ஒரு ஆள் குருடாவார் அல்லது சாவார்.

எங்கள் சபைப் பெண்கள் சாம்பார் சாதம் கட்டிக்கொண்டு போனார்கள், நானும் கூடப் போனேன். ஒரு வீட்டு வாசலில் கிழவி ஒருத்தி வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் பொட்டலத்தை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தோம். சிறிது நேரத்தில் வெளியூர் ஊழியர் ஒருவர் வந்தார், பின்னாலேயே செல்போனில் படம் பிடிக்க ஒரு பையன். குடியின் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை இது, இப்போதாவது மனந்திரும்புங்கள் என்று உரக்கப் பேச ஆரம்பித்தார். எங்கள் சபையின் ஒரு அம்மாள் எழுந்து, 'ஐயா, சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தாங்களே, அவங்கதான் ஊர்ல பெரிய பாவிங்களான்னு ஆண்டவர் கேட்டது ஞாபகம் இருக்கா?' என்றாள். அவருக்கு ஞாபகம் இருந்திருக்க வேண்டும். பையனைக் கூட்டிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார். அந்த அம்மாள் எட்டாவது வரை படித்தவள், பூக்கடை வைத்திருக்கிறாள்.

யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் தரையில் கூட உட்கார்ந்திருந்தார்கள். அதுவரைக்கும் நல்ல சிநேகிதர்கள்தான். எட்டாவது நாள் வாயைத் திறந்து காரணம் சொல்ல ஆரம்பித்தார்களே, அங்கேதான் கெட்டது.

ஜெபமே வீண் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். 1980களில் நான் கச்சிராயபாளையத்தில் இருந்தபோது கல்வராயன் மலைக்கு முதியோர் ஓய்வூதிய மணியார்டர் கொண்டு போவேன். வெள்ளிமலை வரை பேருந்து, அதன் பிறகு நடை. சாமை, கடுக்காய், தேன், இவை தவிர அந்த ஜனங்களிடம் விற்க ஒன்றும் கிடையாது. மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்த மலை அது. 1976-ல்தான் ஜாகீர் ஒழிந்தது. ஒரு மழை நாளில் ஒரு மலையாளித் தகப்பன் காய்ச்சலில் கொதிக்கும் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எதிரே வந்தார். நான் கிறிஸ்தவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். 'போஸ்ட்டு ஐயா, உங்க சாமிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க' என்றார். அந்த இடத்தில் டாக்டர் இல்லை, நர்ஸ் இல்லை, கம்பவுண்டர்கூட இல்லை. நனைந்துகொண்டே நின்று ஜெபித்தேன். இரண்டு வாக்கியம் இருக்கும். பிறகு தபால் பையை ஒரு தோளிலும் குழந்தையை ஒரு தோளிலுமாக மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு இறங்கினோம். கடைசிப் பேருந்தைக் கண்டக்டர் நிறுத்தி வைத்திருந்தார். குழந்தை பிழைத்தது. ஜெபத்தால் பிழைத்ததா, கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் ஏற்றிய குளுக்கோஸால் பிழைத்ததா என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை, தேவையும் இல்லை. ஆனால் அந்த இரண்டு வாக்கியம் இல்லாவிட்டால் அத்தனை தூரம் இறங்க எனக்குக் காலில் பலம் இருந்திருக்காது, அது நிச்சயம்.

ஆஸ்பத்திரி எட்டாத மலையில் ஒருத்தி விளக்கு வைத்து அழுது ஜெபித்தால் அவளைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. சாலை போடாதவர்களைக் கேட்க வேண்டிய கேள்வி அது. ஆஸ்பத்திரிக்குப் பத்து நிமிஷ தூரத்தில் இருப்பவன் ஊசியைப் பிடுங்கிப் போடுவதும் அதுவும் ஒன்றா? தனக்குத் தலைவலி என்றால் சென்னைக்குக் காரில் போகிற ஆள்தான் அடுத்தவர் இன்சுலினை எறியச் சொல்கிறார்.

நம் தென்னாற்காட்டிலேயே நடந்ததுதான் ஐடா ஸ்கடர் கதை. திண்டிவனத்தில் அப்பா வீட்டில் அந்தப் பெண் இருந்தபோது ஒரே இரவில் மூன்று பேர் வந்து கதவைத் தட்டினார்கள், மூவரின் மனைவிக்கும் பிரசவத்தில் சிக்கல். ஆண் டாக்டரான அப்பாவை அனுப்பச் சம்மதிக்கவில்லை, இவளோ டாக்டர் இல்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். அந்த இரவு அவள் ஜெபித்தாள். ஜெபித்துவிட்டு அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்து 1899-ல் பட்டம் வாங்கி, 1900-ல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் ஆரம்பித்தாள். இன்று அதுதான் சி.எம்.சி. நம் வீடுகளில் அங்கே போகாதவர் யார்?

என் நண்பர் ஒருவர் பகுத்தறிவாளர், ஓய்வு பெற்ற தமிழாசிரியர். மைத்துனர் செத்த துக்கத்துக்கு வந்தவர், 'இப்பவாவது புரிஞ்சுதா, உங்க சாமி காது கேக்காதுன்னு?' என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவரும் அந்தக் கோட்டுக்காரரும் ஒரே கணக்கைத்தான் போடுகிறார்கள்: கேட்டால் கிடைக்க வேண்டும், கிடைக்காவிட்டால் எங்கேயோ பிழை. ஒருவர் பிழையைச் சாமி மேல் போடுகிறார், மற்றவர் நோயாளி மேல் போடுகிறார். கெத்செமனே தோட்டத்தில் வியர்வை இரத்தத் துளிகளாக விழ வேண்டிக்கொண்டவருக்கே அந்தப் பாத்திரம் நீங்கவில்லையே, அவருக்கு எந்த விசுவாசம் குறைந்தது?

நாலு நாளைக்கு முன்னால் மைத்துனரின் மனைவி போன் செய்தாள். அவளுக்கும் இப்போது சர்க்கரை. வெறும் வயிற்றில் 240. 'அண்ணா, பஸ் ஸ்டாண்டு பக்கத்துல போஸ்டர் பாத்தீங்களா? மூணு நாளும் போலாம்னு இருக்கேன். அவரால முடியாதத நானாவது...' என்று நிறுத்தினாள். அதற்குத்தான் எனக்குத் தூக்கம் போனது.

போக வேண்டாம் என்று சொல்லவில்லை. பாட்டு கேள், ஜெபம் பண்ணு, அழ வேண்டுமானால் அழு. மாத்திரையைப் பையில் வைத்துக்கொண்டு போ, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் போட வேண்டியதை அங்கேயே உட்கார்ந்து போடு, யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்றேன். வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு வெறும் வயிற்றோடு அரசு ஆஸ்பத்திரி வாசலுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். சீட்டு வாங்க நான் ஏழரைக்கே போய் வரிசையில் நிற்பேன். 'சரி அண்ணா' என்றாள். குரலில் உறுதி இல்லை. வருவாளா என்று தெரியாது.