தாயம் விழவே மாட்டேங்குதா? ராசியைத் திட்டாதீங்க, விதியைப் பாருங்க!

“எல்லாரும் உள்ளே போயாச்சு, எனக்கு மட்டும் தாயமே விழலை!”

மூலனூரோ மதுரையோ, லீவு நாளில் தாயக்கட்டம் வரைந்த வீட்டில் ஒரு குழந்தையாவது இப்படிச் சிணுங்கும். ‘உனக்குக் கைராசி இல்லை’ என்று பெரியவர்கள் சிரிப்பார்கள். ஆனால், இதற்கும் கைராசிக்கும் சம்பந்தமே இல்லை. ஆட்ட விதியிலேயே அப்படி ஒரு கணக்கு இருக்கிறது.

16-ல் 2 மட்டுமே!

ஒரு தாயக்கட்டையில் நான்கு பக்கங்கள்: 1, 2, 3, வெறுமை. இரண்டு கட்டைகளை உருட்டினால் 16 விதமாக விழலாம். அதில் தாயம் விழ 2 விதம்தான். மூன்று விழ 4 விதம் உண்டு. ஆறுக்கும், இரண்டும் வெறுமையாக விழும் பன்னிரண்டுக்கும் தலா ஒரே விதம்.

1974-ல் அமெரிக்காவில் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தின் 20 பக்கப் பகடையில் எல்லா எண்ணுக்கும் சம வாய்ப்பு. நம் தாயத்தில் அப்படியில்லை. அரிதாக விழும் எண்ணைத்தான் நுழைவு வாசலாக வைத்திருக்கிறார்கள்.

யாராவது ஒருவர் வெளியேதான்!

ஐந்து முறை உருட்டியும் தாயம் விழாமல் போக 51 சதவிகித வாய்ப்பு உண்டு. எட்டு முறைக்குப் பிறகும் 34 சதவிகிதம். நான்கு பேர் ஆடினால், ஆளுக்கு எட்டு முறை உருட்டிய பிறகும் ஒருவராவது வெளியே நிற்க 81 சதவிகித வாய்ப்பு! ‘பத்து தடவை விழலை, அடுத்தது தாயம்தான்’ என்பதும் தப்புக் கணக்கு. கட்டைக்கு ஞாபகசக்தி கிடையாது. ஒவ்வொரு முறையும் அதே 16-ல் 2தான்.

சோழிக்கு மாறினால்..?

கட்டை தொலைந்துவிட்டால் ஆறு சோழிகளை எடுப்போம். ஒவ்வொரு சோழியும் நிமிரவும் கவிழவும் சம வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 64 விதம். ஒன்று மட்டும் நிமிர்ந்து தாயமாவது 6 விதம். அதாவது, 12.5 சதவிகிதமாக இருந்த வாய்ப்பு 9.4 ஆகிவிடும். எல்லாம் கவிழ்ந்து விழும் பன்னிரண்டு, 16-ல் ஒன்றிலிருந்து 64-ல் ஒன்றாகக் குறைந்துவிடும். விதி அதேதான், ஆட்டம் மட்டும் வேறாகிவிடுகிறது. அதனால் பாதி ஆட்டத்தில் கட்டையை மாற்றாதீர்கள்.

சின்ன மாற்றம் போதும்

சின்னப் பிள்ளைகளோடு ஆடும்போது, ‘தாயம் விழுந்தாலும் அஞ்சு விழுந்தாலும் உள்ளே போகலாம்’ என்று ஆரம்பத்திலேயே பேசிக்கொள்ளலாம். இரண்டு கட்டைகளில் ஐந்து விழவும் 2 விதம் இருப்பதால், வாய்ப்பு இரு மடங்காகும். ஒருவராவது வெளியே நிற்கும் அந்த 81 சதவிகிதம் 34-ஆகக் குறைந்துவிடும்.

வெட்டுப்பட்டு அழுதால்கூட சமாதானம் செய்யலாம். ஆடவே விடாமல் உட்கார வைத்தால், அடுத்த முறை அந்தக் குழந்தை கூப்பிட்டாலும் வராது. போன் பக்கம் போய்விடும்!