பச்சை வழியா, சிவப்பு வழியா?



கந்தளாயிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். மகளும் மருமகனும் கனடாவில் குடியுரிமை பெற்றவர்கள். உம்மாவை அழைத்துப் போய், அமெரிக்காவின் மயாமியில் கப்பல் ஏற்றி, ஒரு வாரம் கடலைச் சுற்றிக் காட்டப் போகிறார்களாம். "எங்களிடம் நெக்ஸஸ் அட்டை இருக்கிறது உம்மா, கப்பலால் இறங்கும்போது சுங்க வரிசையில் நிற்க வேண்டியதில்லை" என்று மகள் சொன்னாளாம். அது தனக்கும் பொருந்துமா, இங்கே நம் நாட்டிலும் அப்படி ஓர் அட்டை எடுக்கலாமா என்பது சகோதரியின் கேள்வி.

முதற் கேள்விக்குப் பதில்: பொருந்தாது. நெக்ஸஸ், குளோபல் என்ட்ரி போன்றவற்றை "நம்பிக்கைப் பயணி" திட்டங்கள் என்கிறார்கள். ஆளின் பின்னணியை முன்கூட்டியே ஆராய்ந்து, நேர்முகம் கண்டு, கைரேகையும் முகப்படமும் எடுத்துக்கொண்டு, ஐந்து வருடத்துக்கு ஓர் அனுமதி தருகிறார்கள். 2024 ஒக்டோபரிலிருந்து இரண்டுக்கும் கட்டணம் 120 டொலர். அனுமதி ஆளுக்குத்தான், குடும்பத்துக்கு அல்ல. மகளிடம் இருந்தால் மகள் போகலாம். கைக்குழந்தையானாலும் குழந்தைக்கென்று தனியாக எடுத்திருக்க வேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டோடு விருந்தாளியாகப் போகும் உம்மா சாதாரண வரிசையில்தான் நிற்க வேண்டும். அந்தத் தனி வரிசையும் எல்லாக் கப்பல் துறைகளிலும் இல்லை. ஆகவே சகோதரி, மகளிடம் ஒன்று சொல்லிவையுங்கள்: அவள் முன்னால் போய் வெளியே காத்திருப்பதைவிட உங்களோடு சேர்ந்து சாதாரண வரிசையில் நிற்பதே நல்லது. மொழி தெரியாத இடத்தில் அதிகாரி கேட்கும் கேள்விக்குப் பக்கத்தில் ஒருவர் இருப்பது, மிச்சமாகும் அரை மணி நேரத்தைவிடப் பெரிது.

இன்னொன்றையும் விளங்கிக்கொள்ள வேண்டும். இந்த அட்டை ஆளைத்தான் நம்புகிறது, பெட்டியை நம்புவதில்லை. கொண்டுவருவதை அட்டைக்காரரும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். 2018இல் பாரிசிலிருந்து விமானத்தில் வந்த அமெரிக்கப் பெண் ஒருவர், விமானத்தில் தின்னக் கொடுத்த ஆப்பிளைத் தின்னாமல் கைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினார். சுங்க அதிகாரிகள் 500 டொலர் தண்டம் விதித்தார்கள். அவரிடமும் குளோபல் என்ட்ரி இருந்தது; அதையும் இழக்க நேரலாம் என்று அப்போது செய்தி வந்தது. ஓர் ஆப்பிளுக்கு! பேரப்பிள்ளைக்கென்று கொடுக்காப்புளியும் கறிவேப்பிலையும் கட்டிக்கொண்டு போகும் நம் உம்மாமார் இதை நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

இந்தியாவும் 2024 ஜூனில் டெல்லி விமான நிலையத்தில் இப்படியொரு திட்டத்தை ஆரம்பித்தது. 2025 ஜனவரியில் சென்னை, கொச்சி போன்ற நிலையங்களுக்கும், அதே வருடம் செப்டம்பரில் திருச்சிக்கும் கோழிக்கோட்டுக்கும் அது வந்தது. கட்டணம் இல்லை. ஆனால் அது இந்தியக் குடிமக்களுக்கும், வெளிநாட்டு இந்தியர் அட்டையான ஓசிஐ வைத்திருப்போருக்கும் மட்டுமே. அதுவும் கடவுச்சீட்டு வரிசைக்குத்தான். சுங்கம் வேறு மேசை. நாகூருக்கு ஸியாரத் போகும் நம்மவர்களுக்கு அதில் பங்கில்லை.

சரி, நம் ஊருக்கு வருவோம். ஏனெனில் கந்தளாய்ப் பெண்களில் மயாமிக் கப்பல் ஏறுகிறவர் ஒருவர் என்றால், சவூதியிலும் குவைத்திலும் கட்டாரிலும் உழைத்துவிட்டுக் கட்டுநாயக்கவில் வந்திறங்குகிறவர் எத்தனையோ பேர். அவர்களுக்குத்தான் இந்தச் சுங்க விஷயம் உயிரான விஷயம்.

கடவுச்சீட்டில் முத்திரை குத்தி, பெட்டியை எடுத்த பிறகு இரண்டு வழிகள் இருக்கும். பச்சை வழி, சிவப்பு வழி. பச்சையில் யாரும் மறிக்காவிட்டால் நேரே வெளியே போய்விடலாம் என்பதால், எல்லோரும் கூட்டத்தோடு கூட்டமாக அதில் நுழைகிறார்கள். பச்சை வழியில் காலை வைப்பதே "என்னிடம் தீர்வை கட்ட வேண்டியதோ தடைசெய்யப்பட்டதோ எதுவும் இல்லை" என்று வாயால் சொல்வதற்குச் சமம். பிறகு பெட்டியைத் திறந்து ஏதேனும் கண்டெடுத்தால், "எனக்குத் தெரியாது" என்ற பேச்சு எடுபடாது. சிவப்பு வழியில் போவது குற்றவாளியின் வழியல்ல. சந்தேகம் இருக்கிறது, கேட்டுவிட்டுப் போகிறேன் என்பதுதான் அதன் பொருள். சொன்ன பொருளுக்கு அதிகம் போனால் தீர்வை. மறைத்த பொருளுக்குப் பறிமுதலும் தண்டமும்.

"பெரிய மனிதர்கள் எல்லாம் விசேட வாசலால் போகிறார்கள், நாங்கள்தான் வரிசையில் சாகிறோம்" என்ற மனக்குறை நம் பெண்களிடம் உண்டு. நியாயமான குறைதான். ஆனால் 2023 மே மாதம் என்ன நடந்தது? துபாயிலிருந்து வந்த பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர், பிரமுகர்களுக்கான வாசலால் வெளியேற முயன்றபோது, மூன்று கிலோவுக்கு மேற்பட்ட தங்கமும் 91 கைத்தொலைபேசிகளும் அகப்பட்டன. பொருள்கள் பறிமுதல், 75 இலட்சம் ரூபா தண்டம். வாசல் விசேடமானதாக இருந்தாலும் பெட்டி பெட்டிதான்.

உழைக்கப் போகிறவர்களுக்கு அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. 2022இல் நாட்டில் டொலர் இல்லாமல் போனபோதுதான் உங்கள் அருமை அவர்களுக்குத் தெரிந்தது. வங்கி மூலம் அனுப்பிய தொகைக்கு ஏற்ப, திரும்பி வரும்போது மேலதிகத் தீர்வையற்ற சலுகை தருவதாக அறிவித்தார்கள். கட்டுநாயக்கவில் வெளிநாட்டு வேலையாட்களுக்கென்று "ஹோப் கேட்" என்ற தனி வாசலும் திறக்கப்பட்டது. நமக்குக் கிடைத்த நம்பிக்கைப் பயணி திட்டம் என்றால் அதுதான். இப்படிப்பட்ட சலுகைகளின் அளவும் நிபந்தனையும் காலத்துக்குக் காலம் மாறுகின்றன. ஆகவே வருவதற்கு முன் வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரிக்கச் சொல்லி, வீட்டிலுள்ளவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். பணம் அனுப்பிய வங்கித் துண்டுகளை எறியாதீர்கள். உண்டியலில் அனுப்பிய காசுக்குத் துண்டும் இல்லை, சலுகையும் இல்லை.

இனி நகை. நம் பெண்களுக்குப் பயணம் என்றாலே கழுத்தும் கையும் நிறைய வேண்டும். 2023 இறுதியில், இலங்கையில் பிறந்த புதுமணப்பெண் ஒருவர் கோயில் யாத்திரைக்காகச் சென்னையில் இறங்கியபோது, சுங்க அதிகாரிகள் அவருடைய தாலிக்கொடியையே கழற்றி எடுத்துவிட்டார்கள். வழக்கு மெட்ராஸ் உயர் நீதிமன்றம் வரை போய், 2025 தொடக்கத்தில், திருப்பிக் கொடுக்கும்படி நீதிபதி உத்தரவிட்டார். உடலில் அணிந்து வரும் நகையைப் பயணப்பொதியாகக் கணக்கிட முடியாது என்றார். அதிகாரி நடந்துகொண்ட விதத்தையும் கண்டித்தார். தீர்ப்பு நல்ல தீர்ப்பு. ஆனால் அந்தப் பெண் ஒரு வருடத்துக்கு மேல் தாலியில்லாமல் இருந்தாரே! நம் வீட்டுப் பெண்ணின் கருகமணிக்கு இப்படி நேர்ந்தால் வழக்காட எத்தனை பேரால் முடியும்? அதனால் நாகூருக்கோ சென்னைக்கோ போகும்போது தேவைக்கு மட்டும் அணிந்து போங்கள். பெறுமதியான நகை போட்டே ஆக வேண்டும் என்றால், புறப்படும்போது இங்கேயே சுங்க மேசையில் காட்டிப் பதிந்துகொள்ளுங்கள். நகைக்கடைப் பற்றுச்சீட்டையும், அந்த நகையோடு எடுத்த பழைய படம் ஒன்றையும் கையில் வைத்திருங்கள். அது திரும்பி வரும்போதும் உதவும்.

கடல் வழியும் இப்போது திறந்திருக்கிறது. 2023 ஜூனில் சென்னையிலிருந்து புறப்பட்ட உல்லாசக் கப்பல், அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று நம் கரைகளைச் சுற்றிப் போனது. அது பார்க்க வருகிறவர்களுக்கு. நமக்குப் பயன்படுவது காங்கேசன்துறை - நாகப்பட்டினம் பயணிகள் கப்பல். 2023 ஒக்டோபரில் தொடங்கிச் சில நாளில் நின்று, 2024 ஓகஸ்ட் 16இல் "சிவகங்கை" என்ற கப்பலோடு மீண்டும் தொடங்கியது. நாகையில் இறங்கினால் நாகூர் கூப்பிடு தூரம். முன்பு தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பலில் போய்வந்த நம் மூத்தம்மாமாரின் கதைகளைக் கேட்டவர்களுக்கு இந்த வழி மனதுக்கு நெருக்கமானது. மழைக்காலத்தில் கப்பல் நிறுத்தப்படுவதுண்டு, விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள்.

இந்தக் கப்பலில் ஒரு குழப்பம் உண்டு. கப்பல்காரர் இத்தனை கிலோ கொண்டுபோகலாம் என்று சொல்வது எடைக் கணக்கு. சுங்கம் பார்ப்பது பெறுமதிக் கணக்கும், எண்ணிக்கையும். ஒரே மாதிரிச் சாரி இருபது இருந்தால் அது மகளின் கலியாணத்துக்கா, கடைக்கா என்று கேட்கத்தான் செய்வார்கள். சிகரெட்டுக்கு நம் நாட்டில் தீர்வையற்ற சலுகையே கிடையாது. தம்பி சொன்னார், மச்சான் சொன்னார் என்று வாங்கி வராதீர்கள்.

கடைசியாக, "அமானிதம்" என்ற சொல்லைப் பற்றி. "ராத்தா, இந்தப் பொதியை மட்டும் கொண்டுபோய்க் கொடுங்கள், அமானிதம்" என்று ஏயார்போட் வாசலில் ஒருவர் நீட்டுவார். அந்தச் சொல்லைக் கேட்டதும் நம் பெண்களால் மறுக்க முடிவதில்லை. மறுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று உங்கள் கண்ணால் பார்க்காத பொதி எதுவும் உங்கள் பெட்டிக்குள் போகக் கூடாது. தைத்த தலையணை, மூடி ஒட்டிய பால்மா டின், புதுச் செருப்புச் சோடி எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பிடிபடும்போது கொடுத்தவர் அங்கே இருக்க மாட்டார். பெட்டியின் துண்டில் உங்கள் பெயர்தான் இருக்கும். ஏஜென்சிக்காரர் கொடுத்தாலும் இதுதான், சொந்த மச்சி கொடுத்தாலும் இதுதான். கோபித்தால் கோபிக்கட்டும்.

அதிகாரி மறித்தால் பதறாதீர்கள். தமிழில் பேசுங்கள், விளங்காத கடிதத்தில் கையெழுத்து வைக்காதீர்கள், தமிழ் தெரிந்தவரைக் கூப்பிடச் சொல்லுங்கள். உடலைச் சோதிக்க வேண்டுமென்றால் பெண் அதிகாரிதான் சோதிக்க வேண்டும். முகம் மூடும் சகோதரிகள், முகத்தைப் பார்க்க வேண்டிய இடத்தில், பெண் அதிகாரியின் முன்னால் தனி அறையில் திறக்கிறேன் என்று முதலிலேயே பணிவாகக் கேளுங்கள். தீர்வை கட்டினால் பற்றுச்சீட்டு, பொருளை நிறுத்திவைத்தால் அதற்கும் ஒரு துண்டு. இரண்டில் ஒன்று கையில் இல்லாமல் அந்த மேசையை விட்டு நகராதீர்கள். வெளியே வானில் காத்திருக்கும் உங்கள் வீட்டார் இன்னும் ஒரு மணி நேரம் காத்திருப்பார்கள்.